நெருப்புக் கான்ஜி: நாலே கோடு, சறுக்குவது எங்கே?

ஜப்பானில் ஒன்றாம் வகுப்பில் கற்றுத்தரும் 80 கான்ஜிகளில் (ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகள்) நெருப்பைக் குறிக்கும் 火 எழுத்தும் ஒன்று. ஆனாலும் புதிதாக எழுதுகிறவர்கள் பலர் நடுவிலுள்ள ‘மனிதன்’ வடிவத்தை முதலில் போட்டுவிட்டு, இருபுறமும் உள்ள இரண்டு பொறிகளை (சிறு கோடுகளை) பிறகு ஒட்டவைக்கிறார்கள். சரியான வரிசை: இடப் பொறி, வலப் பொறி, உச்சியிலிருந்து இடப்புறம் இறங்கும் நீளக் கோடு, கடைசியாக அதன் நடுவிலிருந்து வலப்புறம் இறங்குவது. ‘நீர்’, ‘சிறிய’ இரண்டுக்கும் நடுக்கோடுதான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தில்தான் கை தவறுகிறது. நெருப்பு அதற்கு விலக்கு.

உச்சியிலிருந்து இடப்புறம் இறங்கும் கோட்டை எடுத்த எடுப்பிலேயே சாய்க்கக் கூடாது. கட்டம் போட்ட நோட்டில் நடுப் புள்ளிக்கோட்டை ஒட்டிப் பாதி தூரம் நேராக இறக்கி, அப்புறம் வளையுங்கள். இல்லாவிட்டால் எழுத்தே ஒருபக்கம் சரிந்து நிற்கும். இடப் பொறியை அழுத்தி நிறுத்த வேண்டும் (தோமே). மற்ற மூன்றும் இழுத்து விடுபவை (ஹராய்).

நெருப்பு வேறொரு எழுத்தின் இடப்பக்க உறுப்பாக வரும்போது கடைசிக் கோடு சுருங்கிப் புள்ளியாகிவிடும். ‘விளக்கு’, ‘சுடு’ எழுத்துகளைப் பாருங்கள். அடியில் வந்தால் நாலு புள்ளி, பெயர் ரெக்கா. முதல் புள்ளி இடப்பக்கம் சாயும், மற்றவை வலப்பக்கம். ‘வெப்பம்’, ‘வேகவை’ இரண்டிலும் அது நெருப்புதான். ஆனால் மீன், குதிரை, பறவை எழுத்துகளின் நாலு புள்ளி வாலும் காலும்தான். மீனை அடுப்பில் வைத்துக் கதை கட்டி மனப்பாடம் செய்யாதீர்கள்!

உச்சரிப்பு: தனியாக வந்தால் ஹி, கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் க. கயோபி செவ்வாய்க்கிழமை, கஸே செவ்வாய்க் கோள். தமிழிலும் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நமக்கு இது இலவசம். பூவும் நெருப்பும் சேர்ந்தால் ஹனபி, வாணவேடிக்கை. திருப்பிப் போட்டால் ஹிபனா, தீப்பொறி. பின்னால் வரும் சொல்லின் ஹ, ப ஆவதைக் கவனியுங்கள். யகெதோ (தீக்காயம்) மட்டும் தனி ரகம். எழுத்து ‘நெருப்பு, காயம்’ என்றிருக்கும், ஒலியில் கவும் இல்லை, ஹியும் இல்லை. முழுச்சொல்லாகத்தான் மனதில் ஏற்ற வேண்டும்.

வாசித்துப் பழக நல்ல இடம் பெட்ரோல் பங்க். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘ககி கென்கின்’, நெருப்புக்குக் கண்டிப்பான தடை. நாலு எழுத்தில் முதலாவது இதுதான்.