ககாவா வீட்டு ஓஸோனி: மிஸோவுக்குள் இனிப்புப் பூரணமா?

கவாகுச்சிவாசி

வணக்கம். சைதாமாவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஜப்பானியர், சொந்த ஊர் ககாவாவில் தகாமட்சு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, ஆனால் டிசம்பர் லீவு வந்தாலே மதுரைக்குக் கிளம்பிவிடுவோம் என்பதால் இங்கத்திய புத்தாண்டை வீட்டில் கொண்டாடியதே இல்லை. இந்த முறை மாமனார் மாமியார் இங்கே வருகிறார்கள், மாமியார் மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் சமையல் என் தலையில்.

ஒசெச்சி (புத்தாண்டு விருந்துப் பண்டங்கள்) பெட்டியை டிபார்ட்மென்ட் ஸ்டோரில் அக்டோபரிலேயே சொல்லி வைத்துவிட்டேன், 31 ராத்திரி சோபா நூடுல்ஸும் செய்துவிடுவேன். ஜனவரி 1 காலையில் வைக்கிற ஓஸோனிதான் (மோச்சி என்கிற ஒட்டரிசிக் கட்டி போட்ட சூப்) உதைக்கிறது. நான் பார்த்த செய்முறை எல்லாவற்றிலும் தெளிவான சாறு, சுட்ட சதுர மோச்சி, கொஞ்சம் கோழி, மேலே மிட்சுபா கீரை. இவரிடம் காட்டினால் "இதெல்லாம் ஓஸோனியே இல்லை, எங்கள் வீட்டில் வெள்ளை மிஸோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) பூரணம் வைத்த மோச்சி" என்கிறார். ரசத்தில் கொழுக்கட்டையைப் போட்ட மாதிரி இருக்காதா? என்னை ஓட்டுகிறாரா, நிஜமா? நிஜம் என்றால் எப்படிச் செய்வது? இன்னொன்று, நான் மீனும் கறியும் சாப்பிடமாட்டேன். முட்டை சரி.

செட்டோக்கரை

ஓட்டவில்லை. தகாமட்சுவில் 11 வருஷமாக இருக்கிறேன், முதல் வருஷம் வீட்டு ஓனரம்மா ஒரு கிண்ணம் கொடுத்தபோது நானும் உங்களைப் போலத்தான் முழித்தேன்.

ஓஸோனி ஊருக்கு ஊர் மாறும். டோக்கியோ பக்கம் நீங்கள் சொன்ன தெளிவான சாறும் சுட்ட சதுர மோச்சியும், கியோட்டோ பக்கம் வெள்ளை மிஸோவில் வெந்த உருண்டை மோச்சி. ஹிரோஷிமாவில் சிப்பி போடுகிற வீடுகள் உண்டு, ஷிமானேயில் பார்க்க அசுகிப் பயறுப் பாயசம் மாதிரியே இருக்கும், நாராவில் மோச்சியைக் கிண்ணத்திலிருந்து எடுத்து இனிப்புச் சோயா மாவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ககாவாவுக்குப் பூரணம். அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு சானுகி என்று பெயர், சர்க்கரை, உப்பு, பருத்தி மூன்றும் இதன் 'மூன்று வெள்ளைகள்'. கரும்பை வளர்த்த குடியானவனுக்குச் சர்க்கரை எட்டாக்கனி, புத்தாண்டு அன்றாவது தின்னலாம் என்று மோச்சிக்குள் ஒளித்து வைத்தான் என்று இங்கே கதை சொல்வார்கள்.

நாலு பேருக்கு 800 மில்லி தாஷி, அதாவது அடிச்சாறு. இங்கே அதை இரிகோவில் எடுப்பார்கள், அதாவது நெத்திலிக் கருவாடு. முள்ளங்கியையும் சிவப்பு கின்டோகி கேரட்டையும் வட்ட வட்டமாக நறுக்கி அதில் வேகவிடுங்கள். சதுரமாக நறுக்காதீர்கள், குடும்பம் மனஸ்தாபமில்லாமல் வட்டமாக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை, மாமியார் கண்ணில் முதலில் படுவது அதுதான். அப்புறம் வெள்ளை மிஸோ 150 கிராம் போல. பயப்படாதீர்கள், சாதாரண மிஸோவில் உப்பு 12 சதவீதம் போல இருந்தால் இதில் 5, 6தான், தாராளமாகப் போட்டால்தான் சாறு கெட்டியாக வரும். கரைத்தபின் தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. மோச்சியைத் தனிப் பாத்திரத்தில் வெந்நீரில் மெதுவாக இளக்கி எடுத்துக் கிண்ணத்தில் வைத்து மேலே சாறு ஊற்றுங்கள், நேராகச் சாற்றில் போட்டால் பூரணம் வெடித்து மொத்தமும் பழுப்பாகிவிடும். கடைசியாக ஒரு சிட்டிகை ஆவோநோரி (பச்சைக் கடற்பாசித் தூள்). உப்பும் இனிப்பும் சேர்ந்து வருவது முதல் வாய்க்கு விநோதம், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும்.

நாரிமாசு_அம்மு

பூரண மோச்சி இந்தப் பக்கக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. தைஃபுகு (கடையில் விற்கிற பூரணம் வைத்த இனிப்பு) வாங்கிப் போட்டால் என்ன என்று ஒரு தடவை புத்திசாலித்தனம் செய்தேன், கரைந்து கூழாகிவிட்டது, கணவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், மறுநாள் அவர் அக்காவுக்கெல்லாம் தெரிந்திருந்தது. பாக்கெட் கிரிமோச்சியை (துண்டுபோட்ட வெறும் மோச்சி) தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் இளக்கி, கையில் ஸ்டார்ச் மாவு தொட்டுக்கொண்டு பூரணம் வைத்து உருட்டினால் வரும். கை சுடும், அவ்வளவுதான்.

நீங்கள் மீன் சாப்பிடாதவர் என்பதால் முக்கியமாக ஒன்று. ஒசெச்சி பெட்டியில் உங்களை ஏமாற்றப்போவது தாதேமாகி. பார்த்தால் சுருட்டின இனிப்பு முட்டை ஆம்லெட், முட்டை சரி என்று எடுத்துவிடுவீர்கள், அதில் மீன் விழுது அரைத்துச் சேர்த்திருப்பார்கள். சிவப்பு வெள்ளை கமபோக்கோ மொத்தமும் மீன்தான். தாமரைத் தண்டு, கோபோ வேர் போன்ற காய்கறிகளும் பெரும்பாலும் கட்சுவோபுஷி தாஷியில்தான் வெந்திருக்கும் (நம்மூர் மாசிக் கருவாட்டின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்). உங்களுக்கு நிம்மதியாகக் கிடைப்பது குரோமாமே என்கிற கருப்புச் சோயாவும், சர்க்கரைவள்ளியும் கஷ்கொட்டையும் சேர்ந்த குரிகின்டோனும். உங்கள் கிண்ணத்துக்கு மட்டும் கொம்பு கடற்பாசியையும் காய்ந்த ஷிடாக்கே காளானையும் முந்தின இரவே ஊறப்போட்டு தாஷி எடுங்கள், கோவில் சமையலில் அப்படித்தான். வெள்ளை மிஸோ அழுத்தமான சுவை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

பழைய_சட்டி

இவ்வளவு அளவு சொல்கிறீர்களே, மாமியாருக்கு ஒரு போன் போட்டால் முடியாதா? ஒசெச்சியைக் காசு கொடுத்து வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஓஸோனி அந்தந்த வீட்டுச் சொத்து, நம் வீட்டுச் சாம்பார் மாதிரி. தகாமட்சுவிலேயே பக்கத்து வீட்டில் வேறு மாதிரி இருக்கும், இணையத்தில் பார்த்து அச்சு அசலாகச் செய்தால்கூட "நன்றாக இருக்கிறது, ஆனால்..." என்றுதான் வரும்.

மாமனாருக்கு வயதென்ன? 70க்கு மேல் என்றால் மோச்சியைச் சின்னதாகச் செய்யுங்கள். வருஷா வருஷம் புத்தாண்டில் வயதானவர்கள் தொண்டையில் மோச்சி அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், டோக்கியோ தீயணைப்புத் துறை எச்சரிக்கை விடுகிற அளவுக்கு. அப்புறம் இரண்டு முனையும் கூராக இருக்கிற வில்லோ குச்சி வாங்கி வையுங்கள், ஒரு முனை நமக்கு, மறு முனை சாமிக்கு, எனவே திருப்பிப் பிடித்துப் பரிமாறக் கூடாது.

மோச்சி மிஞ்சினால் 15ஆம் தேதி அசுகிக் கஞ்சியில் போட்டுவிடலாம், நம் பொங்கல் சமயம். (ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு இந்த ஒற்றுமையையும் சேர்த்துத்தான் தமிழ் ஜப்பானிய உறவு பற்றி எழுதினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குத் தனித் திரி தொடங்கவும், இங்கே வேண்டாம்.)

கவாகுச்சிவாசி

எல்லோருக்கும் நன்றி. பழைய_சட்டி சொன்னபடி நேற்று வீடியோ காலில் பேசினேன். மாமியார் முதலில் கேட்டதே கேரட்டை எப்படி நறுக்கப்போகிறாய் என்றுதான்! வட்டமாக என்றேன், மாவுக்கட்டுக் கையை ஆட்டிச் சிரித்தார். பூரண மோச்சியை அங்கிருந்தே 28ஆம் தேதி குளிர் பார்சலில் அனுப்புகிறாராம், நான் உருட்ட வேண்டாம். எனக்குத் தனியாகக் கொம்பு தாஷி என்றதற்கு, இரிகோ வாசனை பேரனுக்கும் பிடிக்காது, எல்லோருக்குமே அதில் வைத்துவிடு என்றார்.

அப்புறம்தான் விஷயம். அவர் பிறந்தது ஹிரோஷிமாவாம். கல்யாணமாகி வந்த முதல் புத்தாண்டில் இதே கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, தன் மாமியார் திரும்பின நேரத்தில் மோச்சியைக் கணவர் கிண்ணத்துக்குத் தள்ளியிருக்கிறார். இன்றைக்கும் அவருக்கு மட்டும் பூரணமில்லாத வெறும் மோச்சிதானாம், வீட்டுக்காரருக்கே இது தெரியாது. ஆக வெறும் மோச்சி இரண்டு தனியாக வாங்கி வைக்க வேண்டும், இந்தப் பக்கம் உருண்டை மோச்சி எந்தக் கடையில் கிடைக்கும்?