வால்பாறை ரோட்ல நின்னுபோன புது கார்: எங்க வீட்டு குரூப்ல பேசினது

ஞாயிறு, காலை 7:10

நான்: எல்லாரும் ஃபோன் பண்ணி கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்ல தெம்பு இல்லைங்க, இங்கயே சொல்லிடறேன். நாங்க நல்லா இருக்கோம். குட்டி தூங்கறா. அம்மா மாமா வீட்ல இருக்காங்க. நேத்து சாயந்திரம் வால்பாறை ஏறும்போது கார் நின்னு போச்சு, நின்னது கூட பரவால்லைங்க, பின்னாடி உருண்டுச்சு

திருப்பூர் சித்தி: அய்யோ சாமி

திருப்பூர் சித்தி: என்ன கண்ணு சொல்ற, தைப்பூசத்தப்ப தானே பூஜை போட்டு எடுத்தீங்க

நான்: ஆமாங்க சித்தி நாலு மாசம் கூட முழுசா ஆகல. 6,200 கிலோமீட்டர் தான் ஓடியிருக்கு

ஓசூர் அண்ணன்: பாப்பா முழுசா சொல்லு, எந்த இடத்துல, டிஸ்ப்ளேல என்ன வந்துச்சு

நான்: ஆழியார் செக்போஸ்ட் தாண்டி நல்லா தாங்கண்ணா போச்சு. ஒம்பதாவது வளைவு லோம்ஸ் வியூல இறங்கி குட்டிக்கு வரையாடு கூட காட்டினோம். அதுக்கு மேல முன்னாடி ஒரு பஸ்ஸு, அது முன்னாடி டெம்போ, லீவு முடியற வாரம் வேற, வரிசையா வண்டி, நின்னு நின்னு ஊர்ந்துட்டே தான் போனோம். இருபதாவது வளைவு தாண்டினதும் ஸ்டியரிங் வரைக்கும் உதறுச்சு, கருகின வாசம் வந்துச்சு, டிஸ்ப்ளேல சிவப்பா ட்ரான்ஸ்மிஷன் ஹாட்னு வந்துச்சு. ஓரம் கட்டலாம்னா அங்க ஏதுங்க ஓரம், ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம். பஸ்ஸு நகந்ததும் ஆக்சிலேட்டர் குடுத்தேன், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது வண்டி முன்னாடி போகல, அப்படியே பின்னால போச்சு

நான்: பின்னாடி ஒரு லாரி. பிரேக்க அழுத்தி புடிச்சுட்டேன். கால் நடுங்குது, எடுத்தா என்ன ஆகும்னு தெரியல. குட்டி பின் சீட்ல இருந்து அம்மா நாம ஏன் பின்னாடி போறோம்னு கேக்கறா

அம்மா: நான் முருகா முருகான்னு தான் சொல்லிட்டு இருந்தேன்

அப்பா: ஹேண்ட்பிரேக் போட்டியா கண்ணு

நான்: பட்டன் போட்டேனுங்கப்பா. அப்பறமும் பிரேக்ல இருந்து கால் எடுக்க பயம். ஒரு பையன் டூவீலர ஓரமா சாச்சுட்டு ஓடி வந்தான், எஸ்டேட் பையன் மாதிரி இருந்துச்சு, ரோட்டோரம் இருந்த பெரிய கல்ல ரெண்டு கையால தூக்கிட்டு வந்து பின் டயருக்கு அண்டக் குடுத்துட்டு, இப்ப கால் எடுங்கக்கா ஒண்ணும் ஆகாதுன்னான். அப்பறம் தான் எடுத்தேன்

அப்பா: இத்தனை வருசமா ஓட்டற, கியர் வண்டியே ஓட்டுவ. ஆட்டோமேட்டிக்ல மேடு ஏறறது உனக்கு பழகலையோ என்னவோ

நான்: அப்பா நீங்களுமா

நான்: சர்வீஸ் சென்டர்ல இதே வார்த்தையை மூணு தடவை கேட்டுட்டேன். உங்களுக்கு பழகல மேடம், சாரை கூட்டிட்டு வாங்க ட்ரைவ் பண்ணி காட்டறோம்னு. லோன் என் பேர்ல, கார் என் பேர்ல, தினம் சரவணம்பட்டில இருந்து உக்கடம் வரைக்கும் ஓட்டறது நானு. முதல் மாசமே காந்திபுரம் சிக்னல்ல உதறுதுன்னு போய் சொன்னேன். நார்மல்னாங்க. ரிவர்ஸ் போட்டா மூணு நாலு செகண்ட் கழிச்சு தான் புடிக்குதுன்னு சொன்னேன். அதுவும் நார்மல். நேத்து என் புள்ளையோட பின்னாடி உருண்டமே, அதையும் நார்மல்னு சொல்லுவாங்களா

அப்பா: தப்பு தான் கண்ணு. நான் அப்படி கேட்டிருக்க கூடாது

ஓசூர் அண்ணன்: அப்பா இதுல அவ தப்பு எதுவும் இல்லைங்க. அது டூயல் க்ளட்ச் கியர்பாக்ஸ், அதுலயும் ட்ரை க்ளட்ச். உள்ள ரெண்டு க்ளட்ச் இருக்கும், ஒண்ணு 1, 3, 5, 7 கியருக்கு, இன்னொண்ணு 2, 4, 6க்கு. நம்ம கியர் வண்டில காலால பண்றதை இதுல கம்ப்யூட்டர் பண்ணுது. வெட் க்ளட்ச்னா ஆயில்ல முங்கி இருக்கும், சூடு இறங்கும். ட்ரைல காத்து மட்டும் தான். மேட்டுல ஊர்ந்து போனா க்ளட்ச் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமயும் தேய்ஞ்சுட்டே இருக்கும், சூடு ஏறி ஒரு அளவு தாண்டினா தன்னை காப்பாத்திக்க க்ளட்சை விட்டுடும். அப்ப இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. மேட்டுல தானா பிரேக் புடிக்கற ஹில் ஹோல்டு ரெண்டு செகண்ட் போல தான் புடிக்கும், அதுக்கப்பறம் வண்டி உருள தான் செய்யும்

பொள்ளாச்சி மாமா: அப்ப மலைக்கே போக கூடாதுன்னு எழுதி ஒட்டி விக்கணும்ல

ஓசூர் அண்ணன்: நல்லா இருக்கற யூனிட்டு இந்த மேடு ஏறும் மாமா. ஆனா முதல் மாசத்துல இருந்தே உதறல், ரிவர்ஸ் லேட்டு, இதெல்லாம் க்ளட்ச் பேக்கோ அதை இயக்கற மெக்கட்ரானிக் யூனிட்டோ சரியில்லைன்னு காட்டற அறிகுறி. அதை கண்டுபுடிச்சு சொல்றது அவங்க வேலை

ஓசூர் அண்ணன்: இது இவளுக்கு மட்டும் நடக்கறது இல்லைங்க. நம்ம கார் வேற கம்பெனி, ஆனா இதே வகை கியர்பாக்ஸ் பிரச்சனைக்காக 2013ல சீனாவுல ஃபோக்ஸ்வேகன் 3.84 லட்சம் காரை ரீகால் பண்ணுச்சு, அதாவது வித்த காரை திரும்ப கூப்பிட்டு சரி பண்ணி குடுக்கறது. அமெரிக்காவுல ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் வாங்கினவங்க கேஸ் போட்டு, கோர்ட்ல செட்டில்மென்ட் ஆச்சு. அங்கயும் முதல்ல நார்மல் நார்மல்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க

திருப்பூர் சித்தி: எப்படி வீடு வந்து சேந்தீங்க

நான்: ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கு கூப்பிட்டா டவர் கிடைக்கல, கிடைச்சப்ப மூணு மணி நேரம் ஆகும்னாங்க. மாமா தான் ஜீப் எடுத்துட்டு ஓடி வந்தாங்க

பொள்ளாச்சி மாமா: கயிறு கட்டி இழுத்துடலாம்னு தான் போனேன். அண்ணன்காரன் ஃபோன்ல கத்தறான், முன் சக்கரம் தரைல உருள இழுத்தா கியர்பாக்ஸ் போயிடும், வாரன்டியும் போயிடும், காரை அப்படியே மேல ஏத்திட்டு போற ஃப்ளாட் பெட்டு வண்டி தான் வேணும்னு. அப்பறம் இவங்களை மட்டும் ஜீப்ல கூட்டிட்டு வந்துட்டு, மாப்பிள்ளை ராத்திரி பத்தரை வரைக்கும் குளிர்ல கார்கிட்டயே நின்னாரு

நான்: இன்னொண்ணும் சொல்லணும். ஏர்பேக் லைட்டு ரெண்டு வாரமா எரியுது. சீட்டுக்கு கீழ கனெக்டர் லூஸ், டைட் பண்ணியாச்சுன்னு ரெண்டு தடவை அணைச்சு குடுத்தாங்க, மூணு நாள்ல திரும்ப வந்துடுச்சு

ஓசூர் அண்ணன்: இதை ஏன் முதல்லயே சொல்லல பாப்பா. அந்த லைட் எரிஞ்சா மோதும்போது ஏர்பேக் விரியாமயே போகலாம். ஆறு ஏர்பேக், 5 ஸ்டார்னு பாத்து வாங்கினமே, அந்த ஸ்டார் எல்லாமே சரியா வேலை செய்யற கார் மோதினா என்ன ஆகும்னு பாத்து குடுத்தது. கியர்பாக்ஸ் நடு மேட்டுல விட்டுட்டா என்னன்னு அதுல யாரும் பாக்கறது இல்ல. இனிமே அந்த காரை யாரும் எடுக்க வேண்டாம்

அப்பா: குட்டியை ஸ்கூலுக்கு நான் கொண்டு போய் விடறேன். பழைய வண்டி இருக்கு

ஓசூர் அண்ணன்: சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவை போனியே, நீ சொன்ன குறையை எழுதி தர்ற ஜாப் கார்டு மூணும் இருக்கா

நான்: ஒண்ணு தாங்கண்ணா இருக்கு. அதுலயும் ஜெனரல் செக்கப்னு போட்டிருக்காங்க. மத்த ரெண்டு தடவை சும்மா பாத்துட்டு அனுப்பிட்டாங்க, கார்டே போடல

ஓசூர் அண்ணன்: அங்க தான் நம்மளை கட்டிப் போடறாங்க. பேப்பர்ல இல்லைன்னா பிரச்சனையே வரலைன்னு ஆயிடும். நாளைக்கு போனா நீ சொல்றதை சொன்னபடியே கார்டுல எழுத சொல்லு, தேதி, கிலோமீட்டர், வளைவுல பின்னாடி உருண்டது, எல்லாமே. ஸ்கேனர் போட்டா என்ன கோளாறுன்னு காட்டற ஃபால்ட் கோடு வரும், அதை ப்ரின்ட் வாங்கு. அவங்க அதை அழிக்கறதுக்கு முன்னாடி வாங்கு, அது முக்கியம். அன்னைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டுடு

மாப்பிள்ளை: நான் ராத்திரி டிஸ்ப்ளேவ வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். ஏர்பேக் லைட்டும் சேந்து தெரியுது

ஓசூர் அண்ணன்: ரொம்ப நல்லதுங்க மாப்பிள்ளை. அது பத்தரமா இருக்கட்டும்

பொள்ளாச்சி மாமா: அவங்க கேக்கலைன்னா

ஓசூர் அண்ணன்: 1915க்கு கூப்பிட்டு புகார் பதியலாம், அது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். அதுக்கும் அசையலைன்னா கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கின விலை 50 லட்சம் வரைக்கும்னா கேஸை அங்கயே போடலாம், வக்கீல் இல்லாமயும் நாமளே வாதாடலாம். அவ காரு 16 லட்சம், 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் ஃபீஸ் 400 ரூபா தான். ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். அதுபோக அரசாங்கத்தோட வாகன் போர்ட்டல்லயும் குறை பதியணும், ஏழு வருசத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 2021 ஏப்ரல்ல இருந்து அந்த வசதி இருக்கு. ஒரே மாடலுக்கு போதுமான புகார் சேந்தா ரீகால் பண்ண சொல்லி அரசாங்கமே உத்தரவு போட முடியும். நாம பதியலைன்னா அந்த கணக்குல நாம இல்ல

திருப்பூர் சித்தி: 400 ரூபா தானா. எனக்கு இது தெரியாது பாரு

நான்: எனக்கு பணம் கூட அப்பறம் தாங்கண்ணா. அந்த உருண்ட ரெண்டு நிமிசம் திரும்ப திரும்ப வருது. இதே கார்ல இன்னைக்கு யாராவது ஏர்காட்டுக்கோ ஊட்டிக்கோ புள்ளைங்களோட ஏறிட்டு இருப்பாங்க

ஓசூர் அண்ணன்: அதான் பதியணும்னு சொல்றேன்

திங்கள், மதியம் 1:35

நான்: இப்ப தான் வெளிய வந்தேன். அட்வைசர் முதல்ல பிக்கப் குறைவுன்னு டைப் பண்ணாரு. நான் கையெழுத்து போட மாட்டேன்னு உக்காந்துட்டேன். முக்கால் மணி நேரம். அப்பறம் மேனேஜர் வந்து நான் சொல்ல சொல்ல அடிச்சாரு. மேட்டில் ட்ரைவ் துண்டிப்பு, வாகனம் பின்னோக்கி உருண்டது, ட்ரான்ஸ்மிஷன் வெப்ப எச்சரிக்கை, ஏர்பேக் விளக்கு மூன்றாவது முறைன்னு. ஃபோட்டோ போடறேன் பாருங்க. கோடு ப்ரின்ட்டும் வாங்கிட்டேன், கியர்பாக்ஸ்ல ரெண்டு, ஏர்பேக்ல ஒண்ணு

அப்பா: சபாஷ் கண்ணு

ஓசூர் அண்ணன்: கார் அங்கயே இருக்கட்டும். சரி பண்ணிட்டோம்னு கூப்பிட்டா என்ன மாத்தினாங்கன்னு எழுதி வாங்காம எடுக்காத, நான் சனிக்கிழமை வர்றேன், சேந்து போலாம்

அம்மா: அந்த கல்லு வெச்ச பையன் பேரு கூட நாம கேக்கல கண்ணு

நான்: ஆமாம்மா. நன்றி சொன்னமான்னு கூட ஞாபகம் இல்ல

பொள்ளாச்சி மாமா: வியாழக்கிழமை தேங்கா லோடு ஒண்ணு மேல போகுது அம்மிணி. அட்டகட்டி டீக்கடைங்கள்ள கேட்டு பாக்கறேன். என்ன வண்டி வெச்சிருந்தான்

நான்: கருப்பு ஸ்ப்ளெண்டருங்க மாமா. முன்னாடி பால் கேன் தொங்கிட்டு இருந்துச்சு