துக்க வீட்டுக்கு என்ன சமைத்துக் கொண்டுபோகலாம்? (அலபாமா)

கேள்வி: வெண்டைக்காய்ப்பிரியை

அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஞாயிற்றுக்கிழமை தவறிவிட்டார். பாட்டிக்கு 78 வயது. பாப்டிஸ்ட் சபைக் குடும்பம். நாளை மறுநாள் அடக்கம்.

எங்கள் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். உறவுக்காரர்கள்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். இங்கேயும் காலையிலிருந்து கார் கார்களாக வந்து, அலுமினியத் தாள் மூடிய தட்டுகளை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

பேருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனசில்லை. இங்கே புத்தாண்டு அன்று காராமணியும் காலர்ட் கீரையும் சமைப்பார்கள், கீரையில் பன்றிக்கால் போட்டுத்தான். நாங்கள் இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று பாட்டி ஒவ்வொரு வருஷமும் தனிப் பாத்திரத்தில் வேகவைப்பார். "பன்றிக்கால் போடாத கீரை கீரையே இல்லை" என்று தாத்தா சிரிப்பார். ஆனால் எங்களோடு உட்கார்ந்து அதையேதான் சாப்பிடுவார். சாப்பிடும் முன் கைகோத்து ஜெபம் பண்ணும்போது என் மகன் பெயரையும் சேர்த்துச் சொல்வார். சளி பிடித்தால் பின்வாசல் கதவைத் தட்டி ரசம் கேட்பார். காபி மக்கில் ஊற்றிக் கொடுப்பேன்.

எல்லோரும் கேசரோல் (எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்து ஓவனில் வேகவைப்பது) கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் கோழி போட்டது. கோழி நான் சமைக்க முடியாது. புளிசாதம் காரமாகிவிடுமோ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சவான்னா அத்தை

கண்ணு, இன்றைக்கு எதுவும் சமைக்காதே. அவர்கள் ஃபிரிட்ஜில் இப்போது இடமே இருக்காது. அடக்கம் முடிந்தபின் சபைக் கூடத்தில் சாப்பாடு இருக்கும், அதைச் சபைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ காகிதத் தட்டு, டம்ளர், இரண்டு பை ஐஸ், டாய்லெட் பேப்பர் வாங்கிக் கொடு. வீடு நிறைய ஆள் இருக்கும்போது முதலில் தீர்வது அதுதான். ஜார்ஜியாவில் 22 வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம்தான் வீடு வெறிச்சென்று ஆகும். அப்போது சமைத்துக்கொண்டு போ. தூக்கிப் போடும் அலுமினியத் தட்டில் கொடு. உன் பாத்திரம்தான் என்றால் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுது. யாருடையது என்று தெரியாமல் பாட்டி அலையக் கூடாது.

பதில் 2: நாஷ்வில்காரன்

கார்ன்பிரட் (மக்காச்சோள ரொட்டி) செய்யுங்கள். வெள்ளை மக்காச்சோள மாவு 2 கப் (பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வரும் செல்ஃப்-ரைசிங் வகை), ஒரு முட்டை, கால் கப் எண்ணெய், ஒன்றே முக்கால் கப் பட்டர்மில்க். நம்ம மோர் சரிப்படாது, அது தண்ணியாக இருக்கும். கடையில் விற்கும் கெட்டியான பட்டர்மில்க்தான் வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓவனிலேயே 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நன்றாகக் காயவிட்டு, பிறகு மாவை ஊற்றுங்கள். தோசைக்கல் மாதிரி சொய்ங் என்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் அடி முறுகும். 20-25 நிமிஷம். பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் தடவினாலும் ருசிதான்.

சர்க்கரை மட்டும் போடாதீர்கள். அலபாமாப் பாட்டிகள் பலருக்கு அது கேக்.

பதில் 3: திண்ணை

தாத்தா கேட்டது ரசம்தானே?

வெண்டைக்காய்ப்பிரியை (12 நாள் கழித்து)

அத்தை, அன்றே தட்டும் ஐஸும் கொடுத்தேன். பாட்டியின் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

நேற்றுதான் சமைத்துக்கொண்டு போனேன். சட்டியோடு கார்ன்பிரட், ஒரு ஃபிளாஸ்க் ரசம், மிளகு குறைத்து. பாட்டி ஒரு துண்டை எடுத்துத் திருப்பி, அடி முறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சர்க்கரை போடவில்லை, நல்ல பெண்" என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து தாத்தாவின் மக்கை எடுத்து, ரசத்தை அதில்தான் ஊற்றினார். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பாதி நேரம் சிரிப்பு, தாத்தாவின் மீன்பிடிக் கதைகள்.

அடுத்த புதன்கிழமை சபையின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார், ரசத்தோடு. நாற்பது பேர் வருவார்களாம். ஆளுக்கு அரை மக் என்றால் எவ்வளவு புளி ஊறவைக்கலாம், யாராவது சொல்லுங்களேன்.