மையத்துக்கு வெளிச்சத்தரை தேவையா?

தொண்டிக்காரி:
எங்கள் ஒன்றியத்தில் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் புரொஜெக்டர் வாங்கித் தருகிறாராம். கூரையிலிருந்து தரையில் மீன், பந்து எல்லாம் வெளிச்சமாக விழும்; பிள்ளை மிதித்தால் ஓடும். என் மகனைப் போல ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து விளையாட உதவுமாம். சரி சொல்லலாமா?

கீழக்கரையான்:
வேண்டாம். இந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. போனில் கிடக்கும் பிள்ளையை இன்னொரு திரைக்கு மாற்றுவானேன்?

மண்டபம் டீச்சர்:
காக்கா, போனில் பிள்ளை தனியாக உட்காருகிறான். பார்சலோனாவில் பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் 'லேண்ட்ஸ் ஆஃப் ஃபாக்' என்று ஒன்று செய்தார்கள். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தரை முழுக்க வெளிச்சத்தால் வரைந்த மூடுபனி. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஆளுக்கொரு வலைக்கோலோடு நடந்தால் பனி விலகும். இருவரும் கூடினால் புது உருவங்கள் வரும்.

கீழக்கரையான்:
வலைதானே? கடற்கரைக்கு வாங்க. கரைவலை பத்துப் பேர் சேர்ந்து இழுத்தால்தான் வரும். கரண்டும் வேண்டாம்.

மண்டபம் டீச்சர்:
கேட்க நன்றாயிருக்கிறது. கரைவலை இழுக்கும் இடத்துக் கூச்சலில் எங்கள் பிள்ளைகள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். மெஷினில் சத்தத்தைக் குறைக்கலாம், ஒரே ஒரு மீனை மட்டும் விடலாம். கடலிடம் அப்படிக் கேட்க முடியுமா?

பனைமரத்தடி:
அவ்வளவு பெரிய தரை எதற்கு? மேசை போன்ற தொடுதிரையில் படத்துண்டுகளைச் சேர்க்கும் புதிர் ஒன்றை 2009இல் ஆய்வு செய்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தொட்டு இழுத்தால்தான் துண்டு நகரும். அப்போது ஒருவரை ஒருவர் அனுசரித்துப்போவது கூடியதாம். அந்த விதிதான் வேலை செய்கிறது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோலிக்குண்டை உருட்டும் மரப்பலகையிலும் அது உண்டு. தச்சரிடம் சொன்னால் செய்துவிடுவார்.

தொண்டிக்காரி:
பலகையில் ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான் தம்பி. அப்புறம் நான்தான் அதட்ட வேண்டும். நான் "பொறு" என்றால் என் மகன் கையைக் கடிப்பான். திரை அசையாமல் நின்றால் அவனும் நின்று பார்க்கிறான். பொம்மைக் கடை டேப்லெட்டில் கண்டிருக்கிறேன்.

கீழக்கரையான்:
அது நியாயம். ஆனால் மிதிப்பதைக் கண்டுகொள்ளும் சென்சார் போனால் மதுரையிலிருந்து ஆள் வரணும். ரிப்பேர் செலவையும் கொடுப்பவர் எழுதித் தரட்டும். இன்னொன்று: பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா? இல்லையென்றால் உங்கள் மகன் யாரோடு சேர்ந்து விளையாடுவான்?

தொண்டிக்காரி:
அதை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன்.

மண்டபம் டீச்சர்:
பி.டி. பீரியடைக் கேளுங்கள். வேறெதையும் விட மாட்டார்கள்.