முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு: உங்கள் அனுபவம் என்ன?

மாம்பலம் மருமகள்:
மாமியாருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய். தாம்பரம் பக்கம் ஒரு ஹோமில் சேர்த்திருக்கிறோம். சேர்த்த அன்று ராத்திரி அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. காலையில் எழுந்து அதற்காக அழுதேன். கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"மகன் இருந்துமா?" என்று போனில் கேட்ட சின்ன மாமியார், அத்தை கேஸைத் திறந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்த ராத்திரிகளில் எட்டிப் பார்த்ததில்லை. சரி, அதை விடுங்கள்.

என்னை வதைத்தது வேறு. போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்பார். ரயிலில் மாம்பலம் வரும்வரை தலை நிமிர முடியாது. "உங்க வீட்டுல இருக்கும்போது இப்படிக் கேட்டதில்லையா?" என்று அங்கிருக்கும் நர்ஸ் ஒருநாள் கேட்டார். கேட்டதுண்டு! சொந்த வீட்டிலேயே, விளக்கு வைக்கும் நேரமானால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். அவர் தேடுவது மன்னார்குடியில் அவருடைய அப்பா இருந்த வீடு. அங்கே யார்தான் கூட்டிப்போக முடியும்? இப்போதெல்லாம் "மன்னார்குடியில மாடு எத்தனை இருந்துச்சு அத்தை?" என்பேன். பேச ஆரம்பித்துவிடுவார். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும் என்பதால் காலையிலேயே போய்விடுகிறேன்.

வில்லிவாக்கம் மூத்தவன்:
என் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "என்னைத் தள்ளி விட்டுட்டே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவரிடம் பேச்சை மாற்ற முடியாது. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது பேப்பர் வாங்கிப் போகிறேன். திட்டு கிரிக்கெட் டீமுக்கும் கொஞ்சம் பங்காகிறது. எனக்குத் தூக்கம் போனபோது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசினேன். இலவசம், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். முதியோருக்கான உதவி எண் 14567 வேறு. அது காலை 8 முதல் இரவு 8 வரைதான்.

பெரம்பூர் அக்கா:
"கொஞ்ச நாள் வராதீங்க, பழகட்டும்" என்று எங்களிடம் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் அம்மா அங்கே நாலு பேரோடு பேசவே ஆரம்பித்தார். என் குழப்பம் பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்து வரலாமா என்பதில்தான். அப்படிக் கூட்டி வந்தவர்கள் எழுதுங்கள். திரும்பக் கொண்டுபோய் விடும்போது என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.