தரம் 9 பிள்ளைகளுக்குக் கடல் சூடாவதை எப்படிப் புரிய வைப்பது?

வெள்ளவத்தை_டீச்சர்:
காலநிலை மாற்றம் என்றதும் பிள்ளைகளுக்குப் பனிக்கரடிதான் ஞாபகம் வருகிறது, இத்தனைக்கும் வகுப்பு ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கடல் தெரிகிறது! புவியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது என்றேன், ஒருவரும் அசையவில்லை. செலவில்லாத செய்முறை ஏதாவது இருக்கா?

கோவா_சாறு:
சிவப்புக் கோவாவை (முட்டைக்கோஸ்) அவித்து வடித்த நீரில் துளி அப்பச்சோடா போட்டால் நீலமாகும். அதற்குள் ஸ்ட்ரோவால் நன்றாக ஊதச் சொல்லுங்கள், மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு கரையக் கரைய நீரின் காரத்தன்மை குறைந்து நிறம் ஊதாப் பக்கம் திரும்பும், புவியைச் சூடாக்கும் அதே வாயு கடலில் கரையும்போதும் இதே கதைதான். உறிஞ்சக் கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள், என் வகுப்பில் ஒருவன் குடித்தே விட்டான்.

தெற்குக்கரை:
சிப்பியை வினாகிரியில் போட்டு அது கரைவதை மட்டும் காட்டாதீர்கள், கடலே அமிலமாகிவிட்டது என்று நினைப்பார்கள். கடலின் பீஎச் பெறுமானம் (அமில, கார அளவு; 7க்கு மேல் காரம்) 8.2இலிருந்து 8.1 அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது, இன்னும் காரம்தான், ஆனால் அது மடக்கை அளவீடு (ஒன்று குறைந்தால் பத்து மடங்கு) என்பதால் அமிலத்தன்மை தரும் ஐதரசன் அயன் சுமார் 30 சதவீதம் கூடியதற்குச் சமம். அப்புறம் 1998இல் கடல் சூடாகி நம் தெற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளிறியதைச் சொல்லுங்கள், பாதிப் பிள்ளைகள் அங்கே சுற்றுலா போயிருப்பார்கள்.

வெள்ளவத்தை_டீச்சர்:
சரி, திங்கட்கிழமை ஊதிப் பார்க்கிறோம். சிவப்புக் கோவா விற்கிற விலைக்கு அரைத் துண்டுதான்.