அர்மான்யாக்ல வருஷம் போடுறாங்க, கோன்யாக்ல ஏன் போடறதில்ல?

கோவை_குமார்:
மக்களே ஒரு டவுட்டு. பிரான்ஸ்ல இருந்து வந்த மாமா ஒரு அர்மான்யாக் பாட்டில் குடுத்துட்டுப் போனார், லேபிள்ல 1995னு பெருசா போட்டிருக்கு. ஏற்கனவே வீட்ல ஒரு கோன்யாக் இருக்கு, அதுல வருஷமே இல்ல, வெறும் வி.எஸ்.ஓ.பி. தான். ரெண்டுமே திராட்சை பிராந்தி தானே, அப்புறம் ஏன் இப்படி? இன்னொண்ணு, இந்த 95ஐ தொடாம பீரோல வச்சிருந்தா பொண்ணு கல்யாணத்துக்குள்ள இன்னும் நல்லா ஆயிடுமா?

பழைய_பீப்பாய்:
பீரோல வச்சா ஒண்ணும் ஆகாது தல. பிராந்திக்கு வயசு ஏறுறதெல்லாம் ஓக் பீப்பாய்க்குள்ள இருக்கற வரைக்கும் தான், கண்ணாடிக்குள்ள போனா அதோட நின்னுடும். 1995ங்கறது திராட்சை பறிச்ச வருஷம். பாட்டில்ல எப்ப அடைச்சாங்கன்னு லேபிள்ல தேடுங்க, அது தான் முக்கியம், 2006ல அடைச்சதும் 2020ல அடைச்சதும் ஒரே 95 தான் ஆனா குடிச்சா வேற வேற சரக்கு. வருஷம் போட்டு விக்கணும்னா குறைஞ்சது 10 வருஷம் ஆகியிருக்கணும்னு அங்க ரூல். பாட்டிலை நிமிர்த்தியே வைங்க, படுக்கப் போட்டா கார்க்கை அரிச்சிடும்.

கோன்யாக்ல வருஷம் போட்டும் வருது, ரொம்ப ரேர். ஹென்னஸி, மார்ட்டெல், ரெமி மார்ட்டின் மாதிரி பெரிய கம்பெனிக்கெல்லாம் இன்னிக்கு வாங்கினாலும் அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கினாலும் அதே ருசி வரணும், அதனால பல தோட்டத்து பல வருஷத்து சரக்கைக் கலந்து தான் அடைப்பாங்க. அந்தக் கலவையில இருக்கறதுலயே இளசுக்கு எத்தனை வயசோ அதுக்குத் தான் லேபிள்ல வி.எஸ்., வி.எஸ்.ஓ.பி.னு எழுத்து போடறது. வி.எஸ்.னா 2 வருஷம், வி.எஸ்.ஓ.பி.னா 4, எக்ஸ்.ஓ. முன்னாடி 6ஆ இருந்துது 2018ல இருந்து 10 ஆக்கிட்டாங்க.

துலூஸ்_தம்பி:
நான் இங்க துலூஸில இருக்கிறன், அர்மான்யாக் செய்யிற இடம் கிட்ட தான். கலக்கிறது மட்டும் இல்ல அண்ணை, காய்ச்சிறதே வேற. கோன்யாக்கை செம்புப் பானையில ரெண்டு தரம் காய்ச்சுவினம், முதல் தரம் மதுசாரம் (ஆல்கஹால்) 30 வீதம் அளவில வரும், ரெண்டாந் தரம் முன்னுக்கு வாறதையும் கடைசியா வாறதையும் ஒதுக்கிப்போட்டு நடுவில வாறதை மட்டும் எடுப்பினம், அது 70 வீதம் கிட்ட நிக்கும். அர்மான்யாக் பெரும்பாலும் செம்புக் கொலம்ல, அதாவது தூண் மாதிரி உயரமான காய்ச்சிற மெசினில, ஒரே தரம், 52இல இருந்து 60 வீதம். குறைவாக் காய்ச்சிறபடியா திராட்சையின்ர மணம் கனக்க மிஞ்சும், ஆனா இளசில முரட்டுத்தனமா இருக்கும், அதால தான் பீப்பாயில கனகாலம் போடுறது. சின்னத் தோட்டக்காரர் கனபேரிட்ட சொந்த மெசின் இல்லை, மாரி காலத்தில லொறியில மெசினைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமா வருவினம், இரவு பகலா விறகு எரியும். மார்ச் 31க்கு முன்னம் காய்ச்சி முடிக்கோணும்.

காய்ச்ச முதல் இருக்கிற வைனைக் குடிச்சுப் பாக்க ஆசைப்படாதேங்கோ, ஒரே புளிப்பு. உனி பிளாங் திராட்சை, 9 வீதம் அளவில தான் மதுசாரம், கெடாம இருக்கச் சேர்க்கிற சல்பைட்டும் போடமாட்டினம், போட்டா காய்ச்சேக்க அந்த மணமும் சேர்ந்து ஏறிப்போடும். அந்தப் புளிப்பு தான் காய்ச்சும் வரைக்கும் வைனைக் காப்பாத்துறது.

ராத்திரி_ரவுண்டு:
வருஷத்துக்கு 2 சதவீதம் பீப்பாய்லயே ஆவியாப் போகுதுன்னு சொல்லி ரேட்டை ஏத்துறானுங்க, எல்லாம் மார்க்கெட்டிங்.

பழைய_பீப்பாய்:
ரேட்டுல பாதி மார்க்கெட்டிங் தான், ஒத்துக்கறேன், அந்த கிரிஸ்டல் பாட்டில் எல்லாம் எதுக்குன்னே தெரியல. ஆனா ஆவியாப் போறது நிஜம். கோன்யாக் ஊர்ல குடோன் சுவரு, கூரை ஓடு எல்லாம் கரி அப்பின மாதிரி கருப்பா இருக்கும், அந்த ஆவியைத் தின்னு வளர்ற பூஞ்சை அது.

கோவை_குமார்:
பின்னாடி பொடி எழுத்துல 2012னு இருக்கு. அப்போ 16, 17 வருஷ சரக்கா? ஐஸ் போடலாமா?

துலூஸ்_தம்பி:
ஓம், நல்ல வயசு தான். ஐஸ் வேண்டாம், கிளாசில ஊத்தி பத்து நிமிசம் விட்டுட்டுக் குடியுங்கோ.